கறுப்புத் திரை காட்டும் ஆர்36எஸ்: தூக்கிப் போடும் முன்பு

"ஆன் பண்ணா லைட் எரியுது, திரையில ஒண்ணும் வரல" என்ற புகாரோடு சர்வீசுக்கு வரும் ஆர்36எஸ் கையடக்க கேம் கருவிகளில் பெரும்பாலும் போர்டு நன்றாகத்தான் இருக்கும். கெட்டுப்போனது கூடவே வந்த மெமரி கார்டு. இல்லையென்றால், வீடியோ பார்த்துப் புது இயங்குதளம் ஏற்றியபோது இந்தத் திரைக்குப் பொருந்தாத கோப்பு ஒன்று உள்ளே போயிருக்கும். இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்யலாம். ஆனால் பெட்டியைப் பிரித்த அன்றே, விளையாடத் தொடங்கும் முன், அந்தக் கார்டை நகல் எடுத்து வைத்திருந்தால்தான் வேலை சுலபம்.

ஆர்36எஸ்-க்குள் இருப்பது ராக்சிப் நிறுவனத்தின் ஆர்கே3326 சிப். நான்கு கார்டெக்ஸ் ஏ35 கோர்கள், 1 ஜிபி ரேம், 640 x 480 பிக்சல் கொண்ட 3.5 அங்குலத் திரை. இதே சிப்பை வைத்துத்தான் கொரியாவின் ஹார்ட்கெர்னல் முன்பு ஓட்ராய்ட் கோ அட்வான்ஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதைச் சுற்றி வளர்ந்த லினக்ஸ் மென்பொருள்களின் பலன்தான் இன்றைய மலிவுக் கருவிகளுக்கும் கிடைக்கிறது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ஆர்க்ஓஎஸ் அவற்றில் ஒன்று. ராக்னிக்ஸ் இன்னொன்று.

அசல் ஆர்36எஸ்-க்குள் தனியாகச் சேமிப்பகம் கிடையாது. கருவியை எழுப்பும் பூட்லோடரும், இயங்குதளத்தின் மையமான கெர்னலும், கேம்களும் எல்லாமே கார்டில்தான். ஆகவே தவறான இயங்குதளத்தை ஏற்றிக் கருவியை நிரந்தரமாகச் சாகடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். கார்டைக் கழற்றிச் சரியானதைப் போட்டால் எழுந்துவிடும். "டெட்" என்று சொல்லிப் போர்டு மாற்றக் காசு கேட்பவரிடம், வேறு கார்டு போட்டுப் பார்த்தாரா என்று முதலில் கேளுங்கள்.

கூட வரும் கார்டு பெயரில்லாத மலிவுச் சரக்கு. சில மாதங்களிலேயே படிக்க முடியாமல் போவது சகஜம். அதனால் டிஎஃப்1 என்று குறித்திருக்கும் இடத்திலுள்ள கார்டை வெளியே எடுத்து, கார்டு ரீடரில் போட்டு, வின்32 டிஸ்க் இமேஜரில் 'ரீட்' கொடுத்து முழு இமேஜாக, அதாவது கார்டின் அச்சு அசல் நகலான ஒரே கோப்பாக எடுங்கள். 64 ஜிபி கார்டு என்றால் கணினியில் அவ்வளவு இடமும் காலியாக இருக்க வேண்டும். உள்ளே எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது இங்கே கணக்கில்லை. பாதியில் படிப்புப் பிழை வந்து நின்றால் கார்டு ஏற்கெனவே சாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். லினக்ஸில் டிடி-ரெஸ்க்யூ போட்டால், படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போய் மிச்சத்தை மீட்டுத் தரும்.

முழு இமேஜ் எடுக்க இடமோ பொறுமையோ இல்லாதவர்கள், 'பூட்' என்ற சிறிய பார்ட்டிஷனில் (கார்டைப் பிரித்து வைத்த ஒரு பகுதி) இருப்பதை மட்டுமாவது கணினியில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். இது மட்டும் இருந்தாலே பின்னால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஏன் என்று கீழே வருகிறது.

கார்டைக் கணினியில் செருகியதும் விண்டோஸ் ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவ்களைக் காட்டும். அவற்றில் ஒன்றை "ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?" என்று கேட்கும். அது லினக்ஸ் பார்ட்டிஷன்; விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது, அதனால்தான் கேட்கிறது. அங்கே சரி என்று அழுத்தினால் இயங்குதளம் மொத்தமும் போய்விடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவி, கேம் ஏற்றப் போன இடத்தில் படுத்துவிட்டது என்று வரும் புகார்களில் இதுதான் அதிகம்.

புதுக் கார்டு வாங்கும்போது, பெயர் பெற்ற நிறுவனத்தின் கார்டாகவே இருந்தாலும் சோதித்துவிடுங்கள், போலிகள் ஏராளம். 32 ஜிபி சிப்பை வைத்துக்கொண்டு 128 ஜிபி என்று கணினியிடம் பொய் சொல்லும் கார்டில் முதல் 32 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காகவே தெரியும். அதற்குமேல் எழுதுவது காணாமல் போகும், அல்லது பழையதன் மீதே ஏறும். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 ஆகியவை கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்ப்பவை. நேரம் பிடிக்கும், ஆனாலும் தவிர்க்கக் கூடாத சோதனை. இன்னொன்று: 64 ஜிபி என்று எழுதியிருக்கும் இரண்டு நிறுவனங்களின் கார்டுகள் ஒரே அளவில் இருக்காது. சில எம்பி குறைந்தாலும் பழைய முழு இமேஜ் அதில் ஏறாது. 128 ஜிபி வாங்கினால் இந்த வம்பு இல்லை.

இப்போது ஃப்ளாஷ் செய்யும் வேலை, அதாவது இயங்குதளத்தைக் கார்டில் எழுதுவது. இறக்கிய கோப்பு 7இசட் என்று முடிந்தால் 7-ஜிப் கொண்டு விரித்து, ஐஎம்ஜி கோப்பை ரூஃபஸ் அல்லது எட்சர் மூலம் கார்டில் எழுதுங்கள். முடிந்ததும் விண்டோஸ் மறுபடி ஃபார்மேட் கேட்கும், ரத்து செய்யுங்கள். கார்டை உடனே கருவியில் செருகிவிடாதீர்கள். திரைக் கோப்பு இன்னும் பாக்கி.

கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ் நிரல் தன் வன்பொருளைத் தானே இயங்குதளத்துக்குச் சொல்லிவிடும். இந்த வகை ஏஆர்எம் போர்டுகளில் அப்படிக் கிடையாது. எந்தப் பின்னில் எந்த பட்டன், எந்தத் திரை, அதை எழுப்ப என்ன கட்டளைகள் என்று ஒரு டிவைஸ் ட்ரீ கோப்புதான் கெர்னலுக்குச் சொல்கிறது. பூட் பார்ட்டிஷனில் டிடிபி என்று முடிவது அதுதான். ஆர்36எஸ் ஒரே பெயரில் விற்றாலும், தயாரிப்பில் திரை பலமுறை மாறியிருக்கிறது. பயனர்கள் அவற்றைப் பேனல் 1, 2, 3, 4 என்று வகைபிரித்து வைத்திருக்கிறார்கள். பேனல் 4-க்குப் பேனல் 1-இன் கோப்பைக் கொடுத்தால் திரை விழிக்காது. அல்லது கோடு கோடாக, நிறம் மாறி, வெள்ளையாக நிற்கும். எந்தப் பேனல் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. முதலில் எடுத்து வைத்த பூட் ஃபோல்டரில் இருக்கும் டிடிபி கோப்புதான் உங்கள் கருவியின் ஜாதகம். அதைக் கொண்டு பேனல் வகையைக் கண்டுபிடித்து, புதுக் கார்டின் பூட் பார்ட்டிஷனில் அதற்குரிய கோப்பைப் போட வேண்டும்.

அந்தக் கோப்பின் பெயரையும் பாருங்கள். அசலில் ஆர்கே3326 என்று தொடங்கும் பெயர் இருக்கும். வேறு ஏதோ எழுத்துகளில் தொடங்கினாலோ, கருவி ஆன் ஆகும்போது எமுஎலெக் என்ற வேறொரு இயங்குதளத்தின் பெயர் தெரிந்தாலோ கையில் இருப்பது அசலைப் போலச் செய்த நகல் கருவி. வழக்கமான ஆர்க்ஓஎஸ் அதில் ஓடாது. நகல்களுக்கென்று தனியாகத் தயாரித்த இமேஜ் தேட வேண்டும். இதைப் பார்க்காமல் மூன்று நான்கு முறை ஃப்ளாஷ் செய்து, கடைசியில் கருவியைக் குறை சொல்வது வீண்.

முதல் முறை ஆன் செய்யும்போது கார்டின் முழு அளவுக்குப் பார்ட்டிஷன் விரியும், கருவி தானாகவே மறுபடி தொடங்கும். சில நிமிடங்கள் ஆகும். அதற்கு முன் சார்ஜ் நிரப்பிவிடுங்கள். இடையில் கார்டை உருவினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இதற்குப் பிறகும் திரை கறுப்பாக இருந்தால் ஸ்பீக்கரைக் கவனியுங்கள். மெனுவில் நகரும் ஓசை கேட்டால் இயங்குதளம் ஓடுகிறது, திரைக் கோப்பு மட்டும் தவறு. ஓசையும் இல்லை என்றால் கார்டு சரியாக எழுதப்படவில்லை, அல்லது தவறான இடத்தில் செருகியிருக்கிறீர்கள்: இயங்குதளம் டிஎஃப்1-இல், கேம்கள் டிஎஃப்2-இல். இரண்டு கார்டு முறைக்குப் போவது நல்லது. இயங்குதளக் கார்டு போனாலும் சேவ் கோப்புகள் தப்பும், ஏனென்றால் ஆர்க்ஓஎஸ் அவற்றை அந்தந்த கேம் ஃபோல்டரிலேயே வைக்கிறது.

ஒரு கேம் மட்டும் திறக்காவிட்டால் இயங்குதளத்தைக் குறைசொல்ல வேண்டாம். பிளேஸ்டேஷன் கேம்களில் கியூ (.cue) என்பது வெறும் உரைக் கோப்பு. கேமின் தரவு இருக்கும் 'பின்' (.bin) கோப்பின் பெயர் அதற்குள் எழுதியிருக்கும். அழகுக்காக 'பின்' கோப்பின் பெயரை மாற்றினால் கியூ அதைத் தேடித் தோற்கும். இரண்டையும் சேர்த்து சிஹெச்டி என்ற ஒரே சுருக்கக் கோப்பாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையும் இல்லை, இடமும் மிச்சம். ஆர்கேட் கேம்களில் சிக்கல் வேறு. அவற்றை ஓட்டும் மென்பொருள்களில் மேம் 2003 பிளஸ் ஒரு பழைய கோப்புத் தொகுப்பைக் கேட்கும், எஃப்பி நியோ இன்னொன்றைக் கேட்கும். கேம் ஒன்றுதான் என்றாலும் உள்ளிருக்கும் கோப்புகள் வேறு. நியோ ஜியோவுக்கு அதற்கான பயாஸ் ஜிப் கோப்பும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி விளம்பரங்களை நம்பாதீர்கள். சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், கேம்பாய் அட்வான்ஸ், முதல் பிளேஸ்டேஷன் வரை நன்றாக ஓடும். நின்டெண்டோ 64, ட்ரீம்காஸ்ட், பிஎஸ்பி எல்லாம் கேமைப் பொறுத்தது; ஃப்ரேம் ஸ்கிப் (சில காட்சிகளைத் தாண்டிவிடும் வசதி) வைத்தாலும் பல கேம்கள் திக்கும். பிளேஸ்டேஷன் 2 ஓடாது. எந்த இயங்குதளம் மாற்றினாலும் ஓடாது.

சட்டம் பற்றியும் தெளிவு வேண்டும். எமுலேட்டர், அதாவது பழைய கேம் கருவியைப் போல நடந்து அதன் கேம்களை ஓட்டும் மென்பொருள், வைத்திருப்பது குற்றமல்ல. பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் மீது சோனி தொடுத்த வழக்கில், ஆய்வுக்காக பயாஸை நகலெடுத்தது நியாயமான பயன்பாடே என்று 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிக்கல், "பத்தாயிரம் கேம்கள்" என்று நிரப்பி விற்கிறார்களே, அந்தக் கார்டில்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவதற்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் சொல்கிறது. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாக வைத்திருக்கும் நிரலுக்குக் காப்பு நகல் எடுக்க இடம் தருகிறது. கேம்களைக் கார்டில் போட்டு விற்கும் கடைக்காரர்கள் இதைப் படித்துவிட்டுத் தொழில் செய்யட்டும். விளையாடுபவர்களுக்குப் போர்ட்மாஸ்டர் என்ற மென்பொருள் ஒரு நேர்வழி: நீங்கள் விலைகொடுத்து வாங்கிய கணினி கேமின் தரவுகளை எடுத்துப் போட்டு இதில் ஓட்டலாம்.

யுஎஸ்பி வைஃபை டாங்கிள் போட்டு ரிமோட் சர்வீசஸை (வேறு கணினியிலிருந்து கருவிக்குள் நுழைய விடும் வசதி) இயக்குபவர்கள் கவனிக்க: ஆர்க்ஓஎஸ்-இல் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுமே 'ஆர்க்' தான். ஊருக்கே தெரிந்த கடவுச்சொல் இது. விடுதி, கல்லூரி வைஃபையில் அந்த வசதியைத் திறந்து வைக்காதீர்கள்.

சார்ஜிங்குக்கு டிசி என்று குறித்த துளையில் சாதாரண 5 வோல்ட் சார்ஜரும் யுஎஸ்பி-ஏ முனை கொண்ட கேபிளும் போதும். இந்த விலைக் கருவிகள் பலவற்றில் சி வகைத் துளையின் சிசி பின்களில் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை வைப்பதில்லை. இரு முனையிலும் சி வகை உள்ள கேபிளைச் செருகினால், எதிரில் கருவி இருப்பதே சார்ஜருக்குத் தெரியாது, மின்சாரம் விடாது. சார்ஜ் ஏறவில்லை என்றால் பேட்டரியைக் குறைசொல்லும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பின்மூடி தூக்கிக்கொண்டிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். மாற்று பேட்டரி வாங்கும்போது கனெக்டர் பொருந்துகிறது என்பதற்காக அப்படியே செருகிவிடாதீர்கள். ஒரே கனெக்டரில் பிளஸ், மைனஸ் இடம் மாறி வரும் பேட்டரிகள் சந்தையில் உண்டு. வயரின் நிறத்தை நம்பாமல், பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். மாறியிருந்தால் கனெக்டரின் பிளாஸ்டிக் நாக்கை மெல்லத் தூக்கி, முதல் பின்னை உருவியதும் அதில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டு, அதன் பிறகே இரண்டாவதை உருவி இடம் மாற்றுங்கள்.