சம்பள மெசேஜ் யாருடைய போனுக்கு வருகிறது?

பதினொரு வருடம் வேலையை விட்டிருந்த ஒரு கணக்காளர் என் எதிரே உட்கார்ந்து, "எல்லாம் மறந்துபோச்சு மேடம், என்னை யார் எடுப்பாங்க" என்றார். நான் பதில் சொல்லவில்லை. இப்படி வருகிறவர்களுக்காகவே தெரிந்தே பிழை வைத்த ஒரு டிரயல் பேலன்ஸ் தாளும் (எல்லாக் கணக்குகளின் பற்றும் வரவும் சமமாக வர வேண்டிய பட்டியல்) அதற்கான லெட்ஜர் நகலும் என் மேசை இழுப்பறையில் எப்போதும் இருக்கும், அதை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன். பற்றுக்கும் வரவுக்கும் 540 வித்தியாசம். அரை நிமிடம் பார்த்துவிட்டு, "540 ஒன்பதால வகுபடுதே, எங்கயோ ரெண்டு எண்ணை இடம் மாத்திப் போட்டிருக்காங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு லெட்ஜரில் விரலை ஓட்டினார். 4,710 என்று வரவேண்டியது 4,170 என்று இருந்ததைக் கண்டுபிடித்துக் காட்டினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

நான் பல வருடம் ஆள் எடுக்கும் நாற்காலியில் இருந்தவள், இப்போது இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். மறந்துபோச்சு என்று சொல்லாமல் யாரும் உள்ளே வந்ததில்லை. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தானே மறந்து, 1885இல் வெளியிட்ட ஆய்வை மறதிக்காகத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதிலேயே இன்னொன்றும் இருக்கிறது: மறந்துவிட்டது என்று நினைத்ததைத் திரும்பப் படிக்க, முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே ஆனது. உங்கள் தொழிலின் அடிப்படை எங்கும் போகவில்லை. மாறியிருப்பது மென்பொருள், விதிமுறை, சில சொற்கள். நீங்கள் போக நினைக்கிற வேலைக்கான விளம்பரங்கள் பத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள், ஆறேழில் திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள், அதை மட்டும் படியுங்கள். சான்றிதழ் சேர்ப்பதே முழுநேர வேலையாகப் போய்விட்ட சிலரை எனக்குத் தெரியும். ஐந்தாவது கோர்ஸ் என்பது பெரும்பாலும் இன்டர்வியூவைத் தள்ளிப்போடும் ஒரு வழிதான்.

சரி, ரெஸ்யூமுக்கு முன்னால் ஒரு தாள் எழுதச் சொல்வேன். மாதம் எவ்வளவு செலவு, கையில் எவ்வளவு இருக்கிறது, வருமானமே இல்லாமல் எத்தனை மாதம் ஓட்டலாம். நிறையப் பேருக்கு இந்த மூன்றுக்கும் விடை தெரியாது, "அவர்தான் பார்த்துக்குவார்", "அண்ணனைக் கேக்கணும்" என்பார்கள். ஆனால் எந்த வேலையை எடுக்கலாம், எதை விடலாம் என்பதை இந்தத் தாள்தான் சொல்லும். இரண்டு மாதம்தான் தாங்கும் என்றால் கிடைத்த வேலையில் முதலில் உட்கார்ந்துகொண்டு, பிடித்ததை அங்கிருந்தபடியே தேடுங்கள். பத்து மாதம் தாங்கும் என்றால் முதல் அழைப்புக்கே தலையாட்ட வேண்டியதில்லை. இந்தக் கணக்கைப் போடாமல் பதற்றத்தில் சேர்ந்து, நான்கே மாதத்தில் வெளியே வந்து, "நான் வேலைக்கு லாயக்கில்லை" என்ற முடிவோடு திரும்பி வந்தவர்கள் உண்டு.

அந்தத் தாளில்தான் அடுத்த பிரச்சினையும் முளைக்கும். "குழந்தையைப் பார்த்துக்கிறவங்களுக்கே சம்பளம் போயிடும், அப்புறம் எதுக்குப் போகணும்?" இதைச் சொல்கிறவர்கள் கூட்டல் கழித்தலைச் சரியாகத்தான் போடுகிறார்கள், ஆனால் தவறான ஆளின் கணக்கில் எழுதுகிறார்கள். உங்கள் சம்பளம் 40, துணைவருடையது 60, பராமரிப்புச் செலவு 30 என்று வைத்துக்கொள்வோம். 40இல் 30ஐக் கழித்துப் பத்துதான் மிச்சம் என்று ஏன் எழுத வேண்டும்? குழந்தை இருவருடையது, 30ஐ 100இலிருந்து கழியுங்கள். அதுவும் அந்த 30 சில வருடத்துக்குத்தான், குழந்தை வளர வளரக் குறையும். சம்பளமோ ஏறும். வீட்டில் இருந்தால் போவது இந்த வருடச் சம்பளம் மட்டும் இல்லை, அதன் மேல் வந்திருக்கவேண்டிய உயர்வும் ஓய்வுக்காலச் சேமிப்பும் சேர்ந்தே போகிறது. 2023இல் பொருளாதாரத்துக்கான நோபல் பெற்ற கிளாடியா கோல்டினின் ஆய்வும் இந்த இடத்தைத்தான் காட்டுகிறது: ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் உள்ள சம்பள வித்தியாசத்தில் பெரும்பகுதி முதல் குழந்தை பிறந்த பிறகே உண்டாகிறது. இதற்குப் பிறகும் வீட்டில் இருப்பதுதான் சரி என்று ஒருவர் முடிவெடுத்தால் அது அவர் முடிவு, எனக்கு அதில் வாதம் இல்லை. தப்பான கழித்தலை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ரெஸ்யூமில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு சின்ன மாற்றம் நன்றாக வேலை செய்வதாக ஒரு சோதனை இருக்கிறது. பிரிட்டனில் 9,022 விண்ணப்பங்களை உண்மையான நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பழைய வேலைகளுக்கு நேராக எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்று போடாமல், "6 வருடம்", "3 வருடம்" என்று செய்த காலத்தை எழுதியவற்றுக்கு, இடைவெளி அப்பட்டமாகத் தெரிந்த ரெஸ்யூம்களைவிடச் சுமார் 15 சதவீதம் அதிகம் அழைப்பு வந்தது. இடைவெளியே இல்லாதவர்களின் வழக்கமான ரெஸ்யூமையும் இது முந்தியது. படிக்கிறவர் கண்ணில் அனுபவம் முதலில் படுகிறது, அதுதான் காரணம். இதில் பொய் ஒன்றும் இல்லை, கேட்டால் தேதியைச் சொல்லப்போகிறீர்கள். இடைவெளியை வெளிப்படையாகவே எழுத நினைப்பவர்களுக்கு, வேலைத் தொடர்புகளுக்கான வலைத்தளமான லிங்க்ட்இன் 2022இலேயே கேரியர் பிரேக் என்று தனி இடம் கொடுத்துவிட்டது. ஆனால் "இல்ல நிர்வாகம், நேர மேலாண்மை, பல்பணித் திறன்" என்றெல்லாம் அலங்காரம் செய்து எழுதாதீர்கள். அது எவ்வளவு கடினமான வேலை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் ஆள் எடுப்பவர் அந்த வரியைப் படித்து நகர்ந்துவிடுவார், நானே நகர்ந்திருக்கிறேன். குடியிருப்போர் சங்கத்துக்கு மூன்று வருடம் கணக்கு எழுதினீர்கள் என்றால் அதை எழுதுங்கள், எத்தனை வீடு, என்ன மென்பொருள் என்பதோடு.

இன்டர்வியூவில் "ஏன் இந்த இடைவெளி?" என்ற கேள்வி வந்தே தீரும். அப்பாவை நான்கு வருடம் பார்த்துக்கொண்ட ஒருவர் ஒத்திகையில் எனக்குப் பன்னிரண்டு நிமிடம் பதில் சொன்னார். மருத்துவமனை, சொந்தக்காரர்கள், கடைசி மாதம் என்று எல்லாம் வந்தது, எனக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் எதிரே இருப்பவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: அது முடிந்ததா, இப்போது வேலை செய்வாயா. நான்கைந்து தடவை வெட்டியபின் இப்படி நின்றது: "அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்ததால் நான்கு வருடம் கூட இருந்து பார்த்துக்கொண்டேன். அந்தப் பொறுப்பு இப்போது இல்லை. ஐந்து மாதமாக ஒரு சிறிய கிடங்கின் சரக்குக் கணக்கைப் பகுதிநேரமாகப் பார்க்கிறேன், போன மாதம் அதில் ஒரு சிக்கல் வந்தது..." என்று சிக்கலுக்குள் போய்விட வேண்டும். அதன் பிறகு பேச்சு கிடங்கைப் பற்றித்தான் நடக்கும். மன்னிப்புக் கேட்கும் குரல் மட்டும் வேண்டாம்.

வேலை எங்கிருந்து வரும்? நெருங்கியவர்களிடமிருந்து என்றுதான் நினைப்போம். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இலேயே, அதிகம் பழகாத தெரிந்தவர்கள் வழியாகத்தான் புதுத் தகவல் வரும் என்றார். பிறகு லிங்க்ட்இனில் 2 கோடிப் பேரை வைத்து ஐந்து வருடம் நடத்திய சோதனையின் முடிவு 2022இல் வந்தபோதும் ஏறக்குறைய அதே கதைதான். உங்கள் நெருங்கிய தோழிக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும், எட்டு வருடத்துக்கு முன்னால் பக்கத்துப் பிரிவில் இருந்தவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. அவருக்கு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும், எழுதுங்கள். "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று எழுதினால் அவர் ஒரு புன்னகை முகத்தைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார். "கொள்முதல் பிரிவுக்குத் திரும்ப நினைக்கிறேன், உங்கள் இடத்தில் இப்போது எந்த மென்பொருளில் செய்கிறார்கள், புதிதாக வருகிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், பதினைந்து நிமிடம் பேசலாமா" என்று கேட்டால் பதில் வருகிறது.

திரும்பி வருகிறவர்களுக்கென்றே சில மாதப் பயிற்சி வேலைகளைப் பெரிய நிறுவனங்கள் நடத்துகின்றன. ரிட்டர்ன்ஷிப் என்ற பெயரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸ் 2008இல் ஆரம்பித்தது, பிறகு பலரும் பிடித்துக்கொண்டார்கள். சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: மாதச் சம்பளம் உண்டா, போன குழுவில் எத்தனை பேரை நிரந்தரமாக எடுத்தீர்கள். பதில் வழவழவென்று இருந்தால் யோசியுங்கள். அப்புறம், வேலை தர முன்பணம் கேட்பவர், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று முதலில் ஒரு சின்னத் தொகையைத் தந்துவிட்டு அடுத்த "டாஸ்க்"குக்கு டெபாசிட் கட்டச் சொல்பவர், இவர்களிடம் ஒரு பைசாவும் கட்டாதீர்கள். திரும்ப வேலைக்கு வரத் துடிப்பவர்களைத்தான் இவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால் பெரும்பாலோர் விட்டுப்போன நாள் வாங்கியதையே சொல்கிறார்கள், அதுவே அதிகம் கேட்டுவிட்டோமோ என்ற தயக்கத்தோடு. அந்த எண் இன்றைக்கு எவ்வளவு சுருங்கியிருக்கும் என்று பார்க்க ஒரு சுருக்குவழி உண்டு: 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் தொகை இரட்டிப்பாக ஆகும் வருடங்கள் ஏறக்குறைய வரும், விலைவாசிக்கும் அதே கணக்குதான். (ஒவ்வொரு வரவு செலவையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை 1494இல் அச்சில் விளக்கிய லூகா பாச்சோலியின் புத்தகத்திலேயே இந்தக் கணக்கும் இருக்கிறது, கணக்காளர்களுக்குச் சொன்னால் குஷியாகிவிடுவார்கள்.) விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்றால் 12 வருடத்தில் எல்லாம் இரண்டு மடங்கு, அப்படியானால் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய சம்பளத்தைக் கேட்பது அதில் பாதியைக் கேட்பதற்குச் சமம். இன்றைக்கு அந்த வேலைக்கு என்ன தருகிறார்கள் என்று மூன்று பேரிடம் விசாரித்துவிட்டுப் போங்கள். அடுத்தடுத்த உயர்வெல்லாம் இந்த முதல் எண்ணின் மேல்தான் ஏறும்.

இத்தனையும் செய்து வேலை கிடைத்துவிட்டால் என் பங்கு முடிந்தது என்றுதான் ஆரம்பத்தில் நானும் நினைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன், வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆன ஒருவர் என் சிறு கட்டணத்தைக் கட்ட, கணவருக்குப் போன் போட்டு ஓடிபி கேட்டார். கணக்கு அந்தப் பெண்ணின் பெயரில்தான் இருந்தது. ஆனால் வங்கியில் பதிந்திருந்த எண் கணவருடையது, கார்டு கணவர் பையில், கடவுச்சொல்லும் கணவருக்குத்தான் தெரியும். கணவர் கெட்டவரும் இல்லை, போன் இரண்டாவது முறை ஒலித்ததுமே எடுத்து எண்ணைச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது, அதைத் தொட வேண்டுமென்றால் இன்னொருவர் போனை எடுக்க வேண்டியிருந்தது. அதிலிருந்து இந்தப் பேச்சை முதல் சந்திப்பிலேயே எடுத்துவிடுகிறேன்.

உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு, உங்கள் எண், உங்கள் மின்னஞ்சல், சம்பளம் நேராக அதில் வரட்டும், வீட்டுச் செலவுக்கான பங்கை அங்கிருந்து நீங்கள் அனுப்புங்கள். கிரெடிட் கார்டு கடன் இருந்தால் அதை முதலில் முடியுங்கள், மாதம் 3 சதவீத வட்டி என்றால் கட்டாமல் விட்ட தொகை 24 மாதத்தில் இரண்டு மடங்கு ஆகிவிடும், எந்த முதலீடும் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்காது. அதற்கடுத்து மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான பணம், எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி. அதன் பிறகுதான் நீண்டகாலச் சேமிப்பு, சம்பளம் வந்த மறுநாளே தானாகக் கழிகிற மாதிரி. குடும்பத்துக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் படித்துவிட்டு, நகல் வாங்கிக்கொண்டு போடுங்கள். கூட்டாகவோ ஜாமீனாகவோ கையெழுத்திட்டால் பாதிக்கு மட்டும்தான் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பெரும்பாலான பத்திரங்களில் முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம்.

பணத்தைக் கேட்டாலே வீட்டில் சண்டையோ அடியோ வரும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு வேறு வரிசை. அறிவித்துவிட்டு எதையும் மாற்றாதீர்கள். அடையாளச் சான்று, படிப்புச் சான்றிதழ்களின் நகல்களை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள், வேறு யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள், வங்கியில் எண்ணை மாற்றும் முன் பழைய எண்ணுக்கும் மெசேஜ் போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவும் அமைப்பிடம் முதலில் பேசிவிட்டு மற்றதைச் செய்வது நல்லது.

ஓடிபி கேட்டவர் அடுத்த வாரமே வங்கிக்குப் போய்ப் படிவம் கொடுத்துவிட்டு வந்தார். கணவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "அவரும் கூட வந்தார் மேடம், பார்க்கிங்ல நின்னார்" என்றார். அந்த மாதக் கடைசியில் என் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அவர் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, தொகையில் ஒரு பிடித்தம் புரியவில்லை, எச்.ஆரிடம் கேட்க வேண்டும் என்று குறித்துக்கொண்டார்.