பழகிடும் என்று சொன்னால் நம்பாதீர்கள்

ஆடி முடியப்போகிறது என்றாலே பல் மருத்துவமனைகளுக்கு ஒரு கூட்டம் வரும். ஆவணியில் முகூர்த்தம், கையில் பத்தே நாள், செல்போனில் யாரோ ஒரு நடிகையின் சிரிப்புப் படம். “முன்பல் ஆறுக்கும் வெனீர் போட்டு ஸ்மைல் டிசைன் பண்ணிடுங்க டாக்டர்.” வெனீர் என்றால் பல்லின் முன்புறத்தில் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு. தை முகூர்த்தத்துக்கு வெனீர் போட்டுக்கொண்டவர்களும் அதே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், உடைந்த துண்டை டிஷ்யூ பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டு. உடையும் இடம் பெரும்பாலும் மாறுவதில்லை. கோரைப்பல்லின் நுனி, அல்லது அதை ஒட்டிய முன்பல்லின் வெளிமூலை. பசை சரியில்லை, பீங்கான் மட்டம் என்று பேச்சு போகும். பசையும் பீங்கானும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அந்த வாய் எப்படிக் கடிக்கிறது என்று, பல்லைச் சீவுவதற்கு முன் யாரும் பார்க்கவில்லை.

அப்படி ஒரு வாயைக் கிட்டத்தில் பார்ப்போம். பல்லோடு பல் தொட்டபடியே கீழ்த்தாடையை மெல்ல இடப்பக்கம் நகர்த்தச் சொல்லவேண்டும். ஓரிடத்தில் வந்ததும் மேல் கோரைப்பல்லின் தேய்ந்த நுனியும் கீழ்க் கோரைப்பல்லின் தேய்ந்த நுனியும் பூட்டும் சாவியுமாகப் பொருந்தி நிற்கும். இரண்டிலும் கண்ணாடி போல் மின்னும் ஒரு தட்டையான பரப்பு. சாப்பிடும்போது தாடை பக்கவாட்டில் அவ்வளவு தூரம் போவதே இல்லை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும்போதுதான் போகும். எப்போதோ கடித்து நின்றுபோன பழக்கமாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பரப்பு மின்னுகிறது, காலையில் எழுந்ததும் கன்னத்தசை இறுகி வலிக்கிறது, நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த அச்சு தெரிகிறது என்றால் இன்னும் நடக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பல்லைத்தான் 2 மி.மீ. நீளமாக்கிப் பீங்கான் ஒட்டுகிறார்கள். அன்றிரவும் தாடை பழைய வழியிலேதான் போகும். வழியில் இப்போது பீங்கான் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. வெனீருக்காகப் பல்லின் முன்புறத்தில் 0.3 முதல் 0.7 மி.மீ. வரை எனாமலை, அதாவது பல்லின் வெளி ஓட்டை, சீவி எடுக்கிறோம். எடுத்தது திரும்ப வளராது. எனாமலில் ஒட்டிய வெனீர் வருடக்கணக்கில் நிற்கும். எனாமல் போய் உள்ளே இருக்கும் மஞ்சள் நிற டென்டின் தெரிகிற பல்லில் ஒட்டு அவ்வளவு உறுதியாக இருக்காது. ஆகவே, எந்தப் பல் தேய்ந்து அசிங்கமாக இருக்கிறதென்று வெனீர் கேட்கிறார்களோ, அவசர வெனீருக்கு அதுதான் கொஞ்சமும் ஏற்றதல்ல. தேய்மானத்துக்குக் காரணம் அமிலமா என்பதையும் பார்க்கவேண்டும். மேல் முன்பற்களின் உட்புறம் மட்டும் வழித்தெடுத்தாற்போல் குழிந்திருந்தால், வயிற்றிலிருந்து அமிலம் மேலே வருகிறதா என்று விசாரிக்காமல் அடுத்த வேலைக்குப் போகக்கூடாது.

இனி, என்னை மிகவும் கோபப்படுத்தும் ஒரு சொல்லுக்கு வருகிறேன்.

புதிதாகக் கேப் போட்டாயிற்று, அல்லது சொத்தையை அடைத்தாயிற்று. “கடிச்சா இந்தப் பல்லு மட்டும் முதல்ல தட்டுது, ஒசரமா இருக்கு” என்கிறார் வந்தவர். “புதுசுல்ல, ரெண்டு நாள்ல பழகிடும்” என்று பதில் வருகிறது. வீட்டிலும் அம்மா, மாமியார், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். இரண்டு நாள் இரண்டு மாதமாகிறது.

பல் எலும்பில் நேராகப் புதைந்திருப்பதில்லை. சுமார் 0.2 மி.மீ. தடிமனுள்ள நார்ச்சவ்வு ஒன்று வேரைச் சுற்றி நின்று பல்லைத் தாங்குகிறது. அதன் உணர்ச்சி அவ்வளவு கூர்மையானது. சோற்றில் கிடக்கும் ஒரு முடியைக் கண் தவறவிட்டாலும் பல் கண்டுபிடித்துவிடுகிறதல்லவா? முடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால்கூடப் பல்லுக்குத் தெரியும். ஆகவே உயரமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், உயரமாகத்தான் இருக்கிறது.

அந்த உயரத்தை அப்படியே விட்டால் ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் மெல்லும்போதும் மொத்த அடியும் முதலில் அந்த ஒரு பல்லின் மேல் விழும். சவ்வு வீங்கும். கடித்தால் வலிக்கும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். சில வாரங்களில் சிலருக்கு வலி குறையும். “பழகிடுச்சு” என்பார்கள். எது பழகியது என்று வாயைத் திறந்து பார்த்தால் தெரியும். பல் மெல்ல ஆட ஆரம்பித்திருக்கும், அல்லது எதிர்ப்பல்லின் மேடு தேய்ந்தோ விரிசல் விட்டோ இருக்கும், அல்லது கேப்பின் ஓரம் சிதறியிருக்கும். இவை எதுவும் இல்லையென்றால், அவர் அந்தப் பக்கம் மெல்லுவதையே விட்டிருப்பார். சிலருக்குப் பல் சற்று உள்ளே அமுங்கி உண்மையிலேயே சமனாகிவிடுவதும் உண்டு. யாருக்கு எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லாதபோது அதை நம்பி அனுப்புவது வைத்தியமாகாது.

“ரூட் கெனால் பண்ணின பல்லாச்சே, நரம்பே இல்லையே, எப்படி டாக்டர் வலிக்கும்?” இதையும் தினமும் கேட்கிறோம். வேருக்குள் இருந்த நரம்பைத்தான் எடுத்தோம். வெளியே சுற்றியுள்ள சவ்வு உயிரோடு இருக்கிறது, வலிப்பது அது. கடித்த இடத்தில் கறை பதியும் கலர் பேப்பர் வைத்துப் பார்த்து, உயரமான புள்ளியைச் சீவிவிட்டால் பத்து நிமிடத்தில் முடிகிற இந்தத் தொல்லைக்கு ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக், அதற்கும் அடங்காவிட்டால் மறுபடியும் ரூட் கெனால் என்று போவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

இந்த உயரம் ஏன் தவறவிடப்படுகிறது? மூன்று காரணங்கள். கீழ்த்தாடையில் ஊசி போட்டால் உதட்டு மரப்பு மூன்று முதல் ஐந்து மணி நேரம் இருக்கும். மரத்த வாயால் “சரியா இருக்கு” என்று சொல்வதற்கு மதிப்பே இல்லை. நாற்காலியில் படுத்திருக்கும்போது தாடை சற்றுப் பின்னால் போகும், நிமிர்ந்து உட்கார்ந்தால் முன்னால் வரும். படுக்கவைத்து மட்டும் பார்த்த பைட், அதாவது மேல் கீழ் பற்கள் கடித்துச் சேரும் விதம், சாப்பாட்டு மேசையில் மாறிவிடும். மூன்றாவது, பேப்பர். 200 மைக்ரான் தடிமனுள்ள நீலப் பேப்பரை மட்டும் வைத்துப் பார்த்தால் வாய் முழுக்க நீலமாகும், எது உயரம் என்று தெரியாது. பல்லை ஈரம்போகத் துடைத்து, 40 மைக்ரான் அல்லது அதைவிட மெல்லிய பேப்பரில் நேராகத் தட்டச் சொல்லவேண்டும். பிறகு வேறு நிறப் பேப்பரை வைத்து முன்னும் பக்கவாட்டிலும் நகர்த்தச் சொல்லவேண்டும். கடைசியாக 8 மைக்ரான் உலோகத் தாளைப் பக்கத்துப் பற்களில் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் வைத்துக் கடிக்கச் சொல்லி இழுத்துப் பார்க்கவேண்டும். சிகிச்சைக்கு முன் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்த பற்கள் சிகிச்சைக்குப் பின்னும் பிடிக்கவேண்டும். வேலையை ஆரம்பிக்கும் முன்பே எந்தெந்தப் பல் பிடிக்கிறது என்று குறித்து வைத்தால்தான் இது சாத்தியம். புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: பெரிய கறை எல்லாம் அழுத்தமான கறை ஆகிவிடாது. நடுவில் வெளுத்து ஓரம் மட்டும் வளையமாகத் தெரியும் புள்ளியை முதலில் சந்தேகியுங்கள்.

சீவிய இடத்தைப் பாலிஷ் செய்யாமல் விடக்கூடாது. ஜிர்கோனியா என்ற கெட்டிப் பீங்கான் கேப் பளபளப்பாக இருக்கும்வரை எதிர்ப்பல்லுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாது. டைமண்ட் பர் என்ற சீவும் முனையால் சீவி அப்படியே விட்டால் உப்புத்தாள் போல எதிர்ப்பல்லின் எனாமலைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். ரப்பர் பாலிஷர், பிறகு டைமண்ட் பேஸ்ட். கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன். முன்பல் மட்டும் மிகவும் தேய்ந்தவர்களுக்கு, வேண்டுமென்றே முன்பற்களை உயர்த்திக் கட்டி, கடைவாய்ப் பற்கள் சில மாதங்களில் தாமாக வளர்ந்து சேரும்படி விடும் முறை உண்டு. 1975-இல் நார்வேயின் டால் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் எழுதிய முறை அது. அங்கே உயரம் அளந்து வைத்தது, பல பற்கள் அதைப் பகிர்ந்து தாங்குகின்றன, மாதாமாதம் கவனிக்கிறோம். ஒற்றைக் கடைவாய்ப்பல்லில் கவனக்குறைவாக நின்றுபோன உயரத்துக்கு அதைச் சாக்காகச் சொல்லக்கூடாது.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. காதுக்கு முன்னால் தாடை மூட்டு வலிக்கிறது என்று போனவருக்கு, “உங்க பைட்தான் காரணம்” என்று வரிசையாகப் பல்லைச் சீவுவது, வாய் முழுக்கக் கேப் போடுவது. 1934-இல் அமெரிக்கக் காது மருத்துவர் காஸ்டன், கடைவாய்ப் பற்கள் போனதால்தான் தாடை மூட்டும் காதும் வலிக்கின்றன என்று எழுதினார். அந்தக் கருத்து பல்லாண்டுகள் ஆட்சி செய்தது. இன்று அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. பெரும்பாலான மூட்டுவலியில் தசை இறுக்கம், பல் கடிக்கும் பழக்கம், தூக்கக் குறைவு, மனஅழுத்தம் எல்லாம் சேர்ந்து நிற்கின்றன. புதுக் கேப் போட்ட மறுநாள் தொடங்கிய வலி வேறு, அங்கே கேப்பைத்தான் பார்க்கவேண்டும். வருடக்கணக்கான மூட்டுவலிக்கு நல்ல பற்களைச் சீவச் சம்மதிக்காதீர்கள். சீவியதைத் திருப்பிவைக்க முடியாது.

வாய் திறக்கும்போது ‘கிளிக்’ என்று சத்தம் வருகிறது, வலியில்லை, வாய் நன்றாகத் திறக்கிறது என்றால் எதுவும் செய்யவேண்டாம். நிறையப் பேருக்கு அந்தச் சத்தம் இருக்கிறது. இத்தனை நாள் வந்த சத்தம் திடீரென்று நின்று, வாயும் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை என்றால், மூட்டுக்குள் இருக்கும் தட்டு சிக்கிக்கொண்டிருக்கலாம். சத்தம் நின்றதே என்று சந்தோஷப்படாமல் அந்த வாரமே வாருங்கள். உங்கள் நடு மூன்று விரல்களையும் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கிடையில் நுழைத்துப் பாருங்கள். பெரியவர்களுக்கு அது நுழையவேண்டும், ஏறக்குறைய 40 மி.மீ. பாக்கு, பான் மசாலா போடுகிறவருக்கு அது நுழையவில்லை, காரம் பட்டால் வாய் எரிகிறது, கன்னத்தின் உட்புறம் வெளுத்துக் கயிறு போல் தடித்திருக்கிறது என்றால் அது மூட்டுக்கோளாறு அல்ல. சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ், புற்றுநோயாக மாறக்கூடியது. அன்றே பாக்கை நிறுத்திவிட்டு வாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நடந்தால் தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் நிற்கிறது என்றால் பல் மருத்துவரிடம் வராமல் இதயத்தைப் பார்க்க ஓடுங்கள். ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி, மெல்லும்போது தாடைச் சோர்வு, கண் மங்கல் மூன்றும் சேர்ந்து வந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது, பார்வையே போய்விடலாம்.

சாதாரண தசைவலிக்கு வீட்டு வைத்தியமே பெரும்பாலும் போதும். இரண்டு வாரம் இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம். பரோட்டா, கரும்பு, சூயிங்கம் வேண்டாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை ஒரு நாளைக்கு இரண்டு முறை, 15 நிமிடம் கன்னத்தில் வையுங்கள். கொட்டாவி வந்தால் முகவாயைக் கையால் தாங்குங்கள். முக்கியமாக, பகலில் பல்லோடு பல் தொடவே கூடாது. ஓய்வில் இருக்கும்போது மேல் கீழ் பற்களுக்கிடையில் 2 முதல் 4 மி.மீ. இடைவெளி இருப்பதுதான் இயல்பு. உதடு மூடியிருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும், நாக்கு மேலண்ணத்தில் தொட்டிருக்கட்டும். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு பொட்டை ஒட்டி வைத்து, அதைப் பார்க்கும்போதெல்லாம் பல் தொடுகிறதா என்று கவனியுங்கள்.

இரவில் பல்லின் மேல் மாட்டும் நைட் கார்டு கேட்கிறவர்கள் இணையத்தில் விற்கும், வெந்நீரில் போட்டுக் கடிக்கும் ரப்பர் தட்டை வாங்காதீர்கள். மெத்தென்று இருப்பதைச் சிலர் இன்னும் அதிகமாக மென்று தீர்க்கிறார்கள். முன்பல்லை மட்டும் மூடும் சிறு கார்டை மாதக்கணக்கில் போட்டால் கடைவாய்ப் பற்கள் வளர்ந்து பைட்டே திறந்துகொள்ளலாம். ஒரு வரிசைப் பற்கள் முழுவதையும் மூடும், பின்னால் சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள கெட்டி அக்ரிலிக் கார்டு வேண்டும். எதிர்ப்பற்கள் எல்லாம் அதில் ஒரே சமயத்தில் தொடவேண்டும். இது கடிப்பதை நிறுத்தாது, தேய்மானத்தைப் பல்லுக்குப் பதிலாக வாங்கிக்கொள்ளும். குறட்டை பலமாக இருந்தால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று முதலில் தூக்கப் பரிசோதனை. ஃபுளூவாக்செட்டின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளாலும் பல் கடிப்பு வரலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஸ்மைல் டிசைன் வேண்டாம் என்று சொல்லவில்லை. முறையாகச் செய்யுங்கள். அளவெடுத்து, மேல்தாடையின் நிலையை ஃபேஸ்போ என்ற அளவுக் கருவியால் பதிந்து, தாடையைப் போல் அசையும் ஆர்ட்டிகுலேட்டர் கருவியில் மாதிரிகளை ஏற்றி மெழுகில் பல்லைக் கட்டவேண்டும். அந்த மெழுகின் அச்சை வைத்து, ஒரு பல்லையும் சீவாமல் ரெசின் என்ற தற்காலிகப் பிசினில் புதுச் சிரிப்பை வாயிலேயே காட்டமுடியும். அதோடு பேசிப் பாருங்கள். ‘ஃபோன்’ என்றால் மேல்பல் நுனி கீழுதட்டின் ஈரமும் உலர்வும் சேரும் கோட்டில் மெதுவாகப் படவேண்டும். ‘பஸ் ஸ்டாண்டு’ என்றால் பல்லோடு பல் இடிக்கக்கூடாது. தாடையை முன்னால் நகர்த்தினால் முன்பற்கள் மட்டும் தொட்டுக் கடைவாய் விலகவேண்டும். பல் கடிப்பவர் என்றால் தற்காலிகத்தைச் சில வாரம் வைத்திருங்கள். அது எங்கே உடைகிறதோ அங்கேதான் பீங்கானும் உடையும். நூறு ரூபாய் ரெசினில் தெரிந்துகொள்ளவேண்டியதை ஆயிரக்கணக்கில் கொடுத்த பீங்கானில் தெரிந்துகொள்ள வேண்டாம்.

இதற்கெல்லாம் ஒன்றரை, இரண்டு மாதம் வேண்டும். முகூர்த்தத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறதா? இன்றே பற்களைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள், ஈறு ஆற ஒரு வாரம் ஆகும். கூர்மையாக உடைந்த நுனிகளைச் சற்றே மழுக்கிப் பாலிஷ் செய்யலாம், அல்லது பல் நிற அடைப்புப் பொருளான காம்போசிட்டில் சின்னதாகத் திருத்தலாம். பிளீச்சிங் செய்துகொண்டால் காம்போசிட் ஒட்டக் குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவேண்டும், உடனே ஒட்டினால் பிடிக்காது. ஆகவே இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். வெனீரை மறுவீடு, விருந்தெல்லாம் முடிந்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.