ஜாஸ் ஹார்மோனிகாவைத் தொழிலாக்க நினைப்பவர்களுக்கு

ஹார்மோனிகாவை, அதாவது மவுத் ஆர்கனை, மட்டும் வாசித்து வாழ முடியுமா என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்கள் பெருகிவருகின்றன. எழுதுபவர்களில் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டியவர்கள். பெல்ஜிய ஜாஸ் ஹார்மோனிகாக் கலைஞர் டூட்ஸ் தீலமன்ஸ் வாசித்த ஏதோ ஓர் ஒலிப்பதிவைக் கேட்டு மனத்தைப் பறிகொடுத்தவர்கள். கல்லூரியை விட்டுவிடலாமா என்றுகூடச் சிலர் கேட்கிறார்கள். சில சமயம் அவர்களுடைய பெற்றோரே கவலையோடு எழுதுகிறார்கள். எல்லா அரைச்சுரங்களும் கிடைக்கும் க்ரோமாட்டிக் ஹார்மோனிகாவை வாசித்தும் கற்பித்தும் பழுதுபார்த்தும் வாழ்பவன் நான். அதனால் நேராகப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு. வாழ முடியும். ஆனால் ஹார்மோனிகா ஒன்று மட்டுமே தெரிந்தவருக்கு மிகவும் கடினம். படிப்பை நிறுத்தாதீர்கள், கூடவே இரண்டாவது கருவி ஒன்றை இன்றே தொடங்குங்கள்.

இதைச் சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. டூட்ஸ் அப்படிச் செய்யவில்லையே என்பார்கள். அவர் செய்தது அதைத்தான். பிரஸ்ஸல்ஸ் நகரின் மரோல் பகுதியில் 1922-இல் பிறந்தவர் அவர். பெற்றோர் ஒரு கஃபே நடத்தினார்கள். மூன்று வயதிலேயே அக்கார்டியனில் கைவைத்த அவரிடம் ஹார்மோனிகா வந்து சேர்ந்தது பதின்ம வயதில். அதன்பின் ஜாஸ் கிதார்க் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் வாசிப்பில் மயங்கி கிதாரையும் எடுத்துக்கொண்டார். 1950-இல் அமெரிக்க கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேனின் ஐரோப்பியப் பயணத்தில் சேர்ந்தார். 1952-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டு பியானோக் கலைஞர் ஜார்ஜ் ஷியரிங்கின் குழுவில் இடம் கிடைத்தது. 1959 வரை அங்கே இருந்தார். அந்தக் குழுவில் அவருடைய நாற்காலி கிதார்க் கலைஞரின் நாற்காலி. ஹார்மோனிகாவை அவர் இடையிடையே எடுத்து வாசித்தார்; மாதச் செலவைத் தாங்கியது கிதார்.

1960-களின் தொடக்கத்தில் அவருக்கு உலகப் புகழ் தேடித்தந்த 'ப்ளூசெட்' மெட்டைக்கூட முதலில் அவர் பதிவுசெய்தது ஹார்மோனிகாவில் இல்லை. கிதாரை மீட்டிக்கொண்டே அதே சுரங்களை விசிலடித்தார். பிறகு நார்மன் கிம்பல் அதற்கு வரிகள் எழுத, எத்தனையோ பாடகர்கள் அதைப் பாடினார்கள். இசையமைத்தவர் என்ற உரிமை வாழ்நாள் முழுவதும் அவரிடமே இருந்தது. திரைப்படம், தொலைக்காட்சி, விளம்பரம் என்று ஸ்டூடியோ அழைப்புகள் வந்தபோது ஹார்மோனிகா, கிதார், விசில் என எது கேட்டாலும் தரக்கூடியவராக அவர் போய் நின்றார். 1969-இல் வெளிவந்த 'மிட்நைட் கௌபாய்' படத்தின் மையஇசையில் ஒலிக்கும் அந்த ஏக்கம் நிறைந்த ஹார்மோனிகா அவருடையது. அப்போது அவர் நாற்பத்தைந்தைக் கடந்திருந்தார். பியானோ மேதை பில் எவன்ஸுடன் சேர்ந்து வாசித்த 'அஃபினிட்டி' 1979-இல் வெளிவந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயதுக்கு மேல். நாம் இன்று நினைவில் வைத்திருக்கும் ஹார்மோனிகாக் கலைஞர் முழுமையாக உருவாக அவ்வளவு காலம் ஆனது. அதுவரை அவரைக் காத்தவை மற்ற திறமைகள்.

அவர் ஒருவர் மட்டும் அப்படி இல்லை. ஹாம்பர்க்கில் பிறந்த ஹெண்ட்ரிக் மோய்ர்கென்ஸ் முதலில் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) கலைஞர். இன்றும் அதையும் ஹார்மோனிகாவையும் வாசிக்கிறார். சிகாகோவின் ஹோவர்ட் லெவி நல்ல பியானோக் கலைஞர். பத்துத் துளை கொண்ட சாதாரண டயட்டானிக் ஹார்மோனிகாவில் இல்லாத சுரங்களை எல்லாம் 'ஓவர்ப்ளோ' என்ற ஊதும் முறையால் வரவழைத்து, அதில் ஜாஸ் வாசித்துக் காட்டியவர் அவர். பியானோவில் பார்த்த சுரங்கள் வாயில் இருக்கும் கருவியிலும் வேண்டும் என்ற பிடிவாதம்தான் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது என் கணிப்பு.

வருமானத்துக்காக மட்டும் இரண்டாவது கருவியை நான் வலியுறுத்தவில்லை. ஜாஸில் மனோதர்மம் என்பது அடியில் நகர்ந்துகொண்டே இருக்கும் கார்டுகளின் மேல் நிகழ்கிறது. ஒவ்வொரு கார்டும் பல சுரங்களின் கூட்டு. அது மாறும்போது நாம் தொடும் சுரத்தின் பொருளும் மாறிவிடுகிறது. பியானோவிலோ கிதாரிலோ அந்தக் கூட்டை விரலால் பிடித்துக் கண்ணால் பார்க்கலாம். ஹார்மோனிகாவில் பார்க்க எதுவும் இல்லை. துளைகள் உதட்டுக்குள் மறைந்திருக்கின்றன. வேண்டிய கார்டுகளில் பெரும்பாலானவற்றை முழுதாக ஒலிக்கச் செய்யவும் முடியாது. ஹார்மோனிகாவில் மட்டும் பயின்ற மாணவர் மெட்டை அழகாக வாசிப்பார். தனி ஆவர்த்தனம் போல அவர் முறை வந்ததும் தடுமாறுவார். பியானோவில் ஓராண்டு எளிய கார்டுகளைப் பிடித்துப் பழகிய மாணவருக்கு அந்தத் தடுமாற்றம் வெகுவாகக் குறைந்துவிடுவதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.

கருவியின் அமைப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சியின் பெரும் பகுதி அதில்தான் அடங்கியிருக்கிறது. பன்னிரண்டு துளை க்ரோமாட்டிக்கில் 48 ரீடுகள் (மூச்சுபட்டு அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய பித்தளைத் தகடுகள்), மூன்று ஸ்தாயி. ஒரு துளைக்கு நான்கு ரீடுகள்: ஊதினால் ஒன்று, உள்ளிழுத்தால் ஒன்று, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் அவை இரண்டும் அரைச்சுரம் ஏறிய நிலையில் இன்னும் இரண்டு. முதல் நான்கு துளைகளை ஊதினால் ச, க, ப, மேல் ச வரும். உள்ளிழுத்தால் ரி, ம, த, நி வரும். சங்கராபரணம் அப்படியே அமைந்துவிடுகிறது. இரண்டாம் துளையில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. பொத்தானை அழுத்தி ஊதினால் 'க' அரைச்சுரம் ஏறி 'ம' ஆகிறது. அதே 'ம' பொத்தான் இல்லாமல் உள்ளிழுத்தாலும் கிடைக்கிறது. நான்காம் துளையில் பொத்தானை அழுத்தி உள்ளிழுத்தால் 'ச' கிடைக்கும். ஆக, இந்த இரண்டு சுரங்களை மூச்சின் எந்தத் திசையிலும் எடுக்கலாம். ஒரு வரியை எங்கே அறுக்காமல் ஓடவிடுவது, எங்கே மூச்சைத் திருப்பி அழுத்தம் தருவது என்ற தேர்வு இங்கே பிறக்கிறது. தேர்ந்த வாசிப்பாளரின் ஓட்டம் சாக்ஸபோன் போலக் கேட்பதற்கு இத்தகைய சின்னச் சின்ன முடிவுகளே காரணம்.

நம் புல்லாங்குழல் வித்வான்கள் பாடகரின் சுருதிக்கு ஏற்பக் குழலை மாற்றிக்கொள்வார்கள். ஜாஸில் அது போதாது. ஒரே பாடலுக்குள் ஆதார சுருதியே பல முறை இடம் மாறும். ஆகவே 'சி' சுருதிக் கருவி ஒன்றிலேயே பன்னிரண்டு சுருதிகளிலும் வாசிக்கப் பழக வேண்டும். டூட்ஸ் அப்படித்தான் வாசித்தார், அதுவும் பெரும்பாலும் பன்னிரண்டு துளைக் கருவியில். பதினாறு துளைக் கருவி வாங்கினால்தான் ஜாஸ் வரும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். இசைத்தாள்களில் உள்ள ஜாஸ் மெட்டுகளில் பல, டிரம்பெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் இசைவான பி-ஃப்ளாட், ஈ-ஃப்ளாட் போன்ற சுருதிகளில் இருக்கும். அவற்றைப் பார்த்தவுடன் வாசிக்கும் திறன் வேண்டும். இசைக்குறியீடு படிக்கத் தெரியாமல் ஸ்டூடியோவுக்குள் போனவரை இரண்டாம் முறை அழைக்கமாட்டார்கள்.

கேட்டு எழுதிப் பழகுவதற்கு ஹார்மோனிகாப் பதிவுகளைவிடச் சாக்ஸபோன், டிரம்பெட் பதிவுகளையே நான் பரிந்துரைப்பேன். டூட்ஸைப் பிரதி எடுத்தால் டூட்ஸின் நிழலாகத்தான் நிற்க நேரும். ஜெனீவாவில் 1975-இல் பிறந்த க்ரெகுவார் மாரே டூட்ஸுக்குப் பிறகு தனிக் குரலோடு எழுந்த கலைஞர்களில் முதன்மையானவர். நியூயார்க்கின் நியூ ஸ்கூலில் படித்து, பாட் மெத்தினி, ஹெர்பி ஹான்காக், கசாண்ட்ரா வில்சன் போன்ற ஜாஸ் கலைஞர்களுடன் வாசித்தவர். மெத்தினியின் குழுவோடு பயணித்தபோது மேடையில் ஹார்மோனிகாவோடு பின்னணிக் குரலுக்கும் தாளவாத்தியத்துக்கும் கைகொடுத்தார்.

நம் வீடுகளில் மவுத் ஆர்கனைக் குழந்தைக்கு விளையாடக் கொடுப்பார்கள். அமெரிக்காவின் இசைக்கலைஞர் தொழிற்சங்கமும் 1940-களின் பிற்பகுதி வரை அதைப் பொம்மையாகத்தான் கருதியது. 1947-இல் ஹார்மோனிகேட்ஸ் என்ற மூவர் குழுவின் இசைத்தட்டு மாபெரும் வெற்றி பெற்ற பிறகே நிலைமை மாறியது. அந்தப் பழைய எண்ணத்தின் தழும்பு இன்னும் மறையவில்லை. பெரிய ஜாஸ் குழுக்களில் சாக்ஸபோனுக்கு ஐந்து இடம் உண்டு, டிரம்பெட்டுக்கு நான்கு உண்டு. ஹார்மோனிகாவுக்கென்று இடமே கிடையாது. காலியிடம் வராத தொழில் இது. உங்கள் பெயரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டால்தான் வேலை. எனவே மற்ற இசைக்கலைஞர்கள் உங்களை அறிந்திருப்பது ரசிகர்கள் அறிந்திருப்பதைவிட முக்கியம். கலைஞர்கள் கூடி ஒத்திகையின்றி வாசிக்கும் 'ஜாம்' நடக்கும் இடங்களுக்குத் தவறாமல் போங்கள்.

எந்த நாட்டில் வாழ்கிறோம் என்பது பணவிஷயத்தில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. பிரான்சில் மேடைக் கலைஞர்களுக்கென்று தனி வேலையின்மைக் காப்பீடு இருக்கிறது. அதற்குப் பன்னிரண்டு மாதங்களில் 507 மணி நேர வேலையைக் காட்ட வேண்டும். ஒரு கச்சேரிச் சம்பளம் 12 மணி நேரமாகக் கணக்கிடப்படுவதால், ஏறக்குறைய 43 கச்சேரிகள், அதுவும் முறையாகச் சம்பளச் சீட்டு கொடுக்கப்பட்டவை. ரொக்கமாகக் கையில் வாங்கிய இரவுகள் இந்தக் கணக்கில் சேராது. பாரிஸில் இளைஞர்கள் இதை அறியாமல் தகுதியை இழக்கிறார்கள். ஜெர்மனியில் கலைஞர்களுக்கான சமூகக் காப்பீட்டு நிதியில் சேர்ந்தால், ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கான தவணையில் ஏறக்குறையப் பாதியைக் கலைஞர் கட்டினால் போதும். அமெரிக்காவில் இத்தகைய ஏற்பாடு இல்லை; நியூயார்க் போகத் துடிப்பவர்கள் மருத்துவச் செலவை முதலில் கணக்குப் போடட்டும். எங்கே இருந்தாலும் கற்பித்தல் வருமானத்தின் ஒரு தூணாகவே இருக்கும். அதைத் தாழ்வாக நினைக்காதீர்கள். நல்ல ஆசிரியர்கள் இந்தக் கருவிக்கு மிகவும் குறைவு.

இனி என் பழுதுபார்க்கும் மேசையிலிருந்து. அதில் வந்து விழும் கருவிகளில் பெரும்பாலானவை தேவைக்கு மீறி ஊதப்பட்டுச் செத்தவை. பித்தளை ரீடு அளவுக்கு மேல் வளைந்து வளைந்து, அடியில் மயிரிழை விரிசல் கண்டு, முதலில் சுருதி இறங்கும், பிறகு ஒடியும். காரணம் வாசிப்பவரின் முரட்டுத்தனம் என்று நினைக்க வேண்டாம். டிரம்ஸின் ஓசையில் தன் சத்தம் தனக்கே கேட்காமல் அவர் இன்னும் பலமாக ஊதுகிறார். சொந்தமாக ஒரு மைக்ரோஃபோன் வாங்குங்கள். உங்கள் பக்கம் திரும்பிய மானிட்டர் ஒலிபெருக்கி வேண்டும் என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். அது ரீடுகளையும் தாடை மூட்டையும் காப்பாற்றும். தாடையில் வலியோ 'டக்' என்ற சத்தமோ வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

குளிர்நாடுகளில் கருவியைச் சட்டைப்பையில் வைத்து உடல்சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே ஊத வேண்டும். இல்லாவிட்டால் மூச்சின் ஈரம் உள்ளே குளிர்ந்து, மெல்லிய பிளாஸ்டிக் வால்வுகள் ஒட்டிக்கொள்ளும். இனிப்புப் பானம் குடித்த வாயோடு ஊதினாலும் அதே கதி. கச்சேரிக்கு இரண்டு கருவிகள் எடுத்துச் செல்லுங்கள். பல தயாரிப்பாளர்கள் தொழிற்சாலையில் 'ஏ' சுரத்தை வழக்கமான 440 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே, 442 ஹெர்ட்ஸ் அளவில் வைக்கிறார்கள். 440-இல் சுருதி சேர்த்த பியானோவோடு நீண்ட சுரங்கள் பிடிக்கும்போது அது காதை உறுத்தும். சுருதி சேர்க்கும் வேலையை நீங்களே கற்றுக்கொண்டால் பணமும் மிஞ்சும்.

கடைசியாக, ஒப்பந்தம். ஹார்மோனிகா ஒரு பாடலில் எட்டு வினாடி ஒலித்தாலும் கேட்பவர் மனத்தில் அதுவே தங்கிவிடும். ஆனால் ஸ்டூடியோவில் ஒரே தொகை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இசையமைத்தவருக்கு உரிய உரிமைத்தொகை வேறு, வாசித்தவருக்கு உரியது வேறு. அமெரிக்காவில் சாதாரண வானொலியில் பாடல் ஒலித்தால் இசையமைத்தவருக்குப் பணம் போகும், வாசித்தவருக்குப் போகாது. டிஜிட்டல் வானொலியில் வாசித்தவருக்கும் பங்கு உண்டு. பெல்ஜியத்தில் இசையமைத்தவர்களுக்குச் சபாம், வாசித்தவர்களுக்குப் ப்ளேரைட் என்று தனித்தனி அமைப்புகள் வசூலித்துத் தருகின்றன. பிரான்சில் பின்னணியில் வாசிப்பவர்களுக்கு ஸ்பெதிதாம் இருக்கிறது. உறுப்பினராகச் சேராதவர் பெயரில் பணம் தானாக வந்து சேராது. ஆகவே ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தேதி, ஸ்டூடியோ, பாடலின் பெயர், தயாரிப்பாளர், வாசித்த கருவி ஆகியவற்றை அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வெளியீட்டில் உங்கள் பெயர் அச்சாகும் என்பதை ஸ்டூடியோவைவிட்டுக் கிளம்புவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். நீங்களே உருவாக்கிய மெட்டு அந்தப் பாடலில் இருந்தால், அதற்கான பங்கை வாசிக்கத் தொடங்கும் முன்பே பேசி முடிவுசெய்யுங்கள்.