சர நால்வரா, நரம்பிசை நால்வரா?

"பீத்தோவனின் சர நால்வர் எண் 14." போன வாரம் ஓர் இசைத்தட்டைப் பற்றிய தமிழ்க் குறிப்பில், ஆங்கிலத்தின் 'ஸ்ட்ரிங் குவார்டெட்' என்பதற்கு இப்படிப் போட்டிருந்தது. இதைப் பார்ப்பது நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ. இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

சொல்லின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். லத்தீனில் 'நான்காவது' என்று பொருள்படும் குவார்ட்டுஸ், இத்தாலியில் குவார்ட்டெட்டோ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குக் குவார்டெட்டாகப் போனது. ஸ்ட்ரிங் குவார்டெட் என்றால் இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய ஒரு வியோலா, இன்னும் பெரிய, கனத்த குரலுள்ள ஒரு செல்லோ. வாசிக்கும் குழுவுக்கும் அதே பெயர்தான், அவர்களுக்காக எழுதப்பட்ட இசைக்கும் அதே பெயர்தான். குழப்பமெல்லாம் இங்கேதான் ஆரம்பம்.

முதலில் இந்தச் 'சரம்'. கணினிக்காரர்கள் எழுத்துகளைக் கோத்த தொடருக்குச் சரம் என்று பெயர் வைத்தார்கள், நல்ல பெயர், ஏனென்றால் கோத்தால்தான் சரம்: பூச்சரம், முத்துச்சரம், தீபாவளிக்குச் சரவெடி. வயலினில் யார் எதைக் கோத்தார்கள்? அகராதியில் ஸ்ட்ரிங்குக்கு நேரே முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 'கம்பி நால்வர்' என்றும் ஓரிடத்தில் படித்தேன். கம்பி எண்ணுகிற நாலு பேர்தான் நினைவுக்கு வந்தார்கள். தந்தி என்பதோடு எனக்குச் சண்டையில்லை, கச்சேரி உலகமே தந்தி வாத்தியம் என்றுதான் சொல்கிறது, ஆனாலும் 'தந்தி நால்வர்' என்று எழுதினால் தபால் ஆபீஸ் வாசனை அடிக்கிறது.

நரம்பு இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு? தோல்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி என்று நம்மிடம் பிரிவே இருக்கிறது. யாழில் கட்டியதும் நரம்புதான். நரம்பு என்றதும் டாக்டர் நினைவு வருகிறது என்றார் ஒரு நண்பர். வரட்டுமே! 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை வயலினுக்குப் பெரும்பாலும் ஆட்டுக்குடலைத் திரித்துத்தான் கட்டினார்கள், உடம்பிலிருந்து வந்த பொருளுக்கு உடம்பின் சொல் பொருந்தாதா? குவாட்டுவோர் மொசாயிக் என்ற குழு, ஹைடன் என்ற இசையமைப்பாளரின் குவார்டெட்டுகளைக் குடல் நரம்பில் வாசித்துப் பதித்திருக்கிறது. வில் நரம்பைப் பற்றும் அந்தச் சின்னச் சொரசொரப்பைக் கேட்டவர் சரம் என்று எழுத மாட்டார்.

சரி, சரத்தைக்கூட மன்னித்துவிடலாம். 'நால்வர்' விஷயத்தில் முடியாது. நமக்கு நால்வர் என்றால் அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர். இசையிலும் நடனத்திலும் பேர்பெற்ற சகோதரர்களான தஞ்சை நால்வரும் உண்டு, அவர்களில் வடிவேலு கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். எல்லாரும் ஆட்கள். அமெடியஸ் குவார்டெட்டை நால்வர் எனலாம், 1947 முதல் 1987 வரை அதே நாலு பேர். ஹங்கேரியின் தலைநகர்ப் பெயரைத் தாங்கிய புடாபெஸ்ட் குவார்டெட்டில் ஆட்கள் மாறி மாறி, கடைசியில் ஒரு ஹங்கேரியர்கூட இல்லாமல் நாலு பேருமே ரஷ்யப் பேரரசில் பிறந்தவர்களாகிவிட்டார்கள், ஆனாலும் அதுவும் நால்வர்தான். பீத்தோவன் எழுதியது ஆட்களையா? "பீத்தோவன் 16 நால்வரை எழுதினார்" என்ற வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

இதைவிடக் கொடுமை, அவருடைய பிற்காலப் படைப்புகள் 'மறைந்த நால்வர்கள்' ஆகியிருந்தன. ஆங்கிலத்தில் 'லேட்' என்று இருந்திருக்கும், மொழிபெயர்த்தவர் இரங்கல் செய்தியே போட்டுவிட்டார். மூவ்மெண்ட் என்றால் இயக்கமாம். "ஏழு இயக்கங்கள் கொண்டது" என்றால் அது இசையா, தேர்தல் கூட்டணியா? பகுதி என்றால் போதாதா? கேட்காமல் மொழிபெயர்ப்பதுதான் நோய் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த 14ஆம் எண்ணையே, 1936இல் புஷ் குவார்டெட் பதித்ததைக் கேளுங்கள். முதல் வயலின் தனியாக மெல்ல ஆரம்பிக்கும். அது சொன்னதையே இரண்டாம் வயலின் எடுக்கும், அப்புறம் வியோலா, கடைசியில் செல்லோ. பழைய பதிவின் இரைச்சலுக்குள்ளும் ஒவ்வொன்றாக நுழைவது தெளிவாகக் கேட்கிறது. ஏழு பகுதிகளும் இடைவெளியில்லாமல் ஓடவேண்டும் என்று பீத்தோவன் எழுதிவைத்ததை, பக்கத்துக்கு நாலைந்து நிமிடமே பிடித்த அந்தக்கால இசைத்தட்டில் புரட்டிப் புரட்டிக் கேட்டிருக்கிறார்கள், பாவம்.

என் யோசனை சின்னதுதான். தமிழில் தொகைச் சொல்லின் கடைசிப் பகுதிதான் அது எதைக் குறிக்கிறது என்று சொல்லும். வாழைத்தோட்டம் தோட்டம், தோட்டவாழை வாழை. அதேபோல வாசிப்பவர்கள் நரம்பிசை நால்வர், வாசிக்கப்படுவது நால்வர் நரம்பிசை. இடம் மாற்றிப் போட்டாலே வேலை முடிந்தது, புதிதாக ஒரு சொல்லும் ஆக்க வேண்டாம். 'நால்வரிசை' என்று சுருக்கலாமே என்பார்கள். வேண்டாம், அதை நாலு வரிசை என்றுதான் படிப்பார்கள், ரேஷன் கடை மாதிரி. இதுவும் பிடிக்கவில்லையென்றால் பேசாமல் குவார்டெட் என்றே எழுதுங்கள், எனக்கு வருத்தமில்லை.