மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம், அதன் பெயரை?

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்காரர்களுக்காக ஒரு தம்பி பில்லிங் மென்பொருள் செய்தார். லோடு, எடை, கூலி, கமிஷன் பிடித்தம் எல்லாம் தமிழிலேயே வரும். அடித்தளம் ஓர் ஓப்பன் சோர்ஸ் கணக்கு மென்பொருள், அதாவது நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தது. அதன் பெயரோடு 'தமிழ்' என்று சேர்த்து, அதிலேயே டொமைன் வாங்கி, லோகோவையும் எடுத்து, விசிட்டிங் கார்டு, பிளக்ஸ் வரை அடித்துவிட்டார். இரண்டு சீசன் ஓடியது. அப்புறம் மூலத் திட்டத்தாரின் வக்கீலிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார்.

"சார், லைசென்ஸைப் படிச்சுட்டுத்தான் செஞ்சேன். மாத்தலாம், விக்கலாம்னு போட்டிருக்கு. என்ன தப்பு?"

அவர் படித்தது சரிதான். ஆனால் மாற்றலாம், விற்கலாம் என்ற அனுமதி சோர்ஸ் கோடுக்கு, அதாவது நிரலுக்கு மட்டும் உரியது. அது பதிப்புரிமை விஷயம். பெயரும் லோகோவும் டிரேட்மார்க்கில், அதாவது வணிகக் குறியில் வருபவை. அதற்குத் தனிச் சட்டம், தனி அனுமதி. ஓப்பன் சோர்ஸ் உரிமங்களில் பல வகை உண்டு. அவர் கையிலிருந்தது அப்பாச்சி 2.0 உரிமம். அதன் 6-வது பிரிவைக் காட்டினேன்: மென்பொருள் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வழக்கமாகத் தேவைப்படும் அளவு தவிர, பெயரையும் குறியையும் பயன்படுத்த இந்த உரிமம் அனுமதி தரவில்லை. பிஎஸ்டி உரிமத்தின் மூன்றாவது நிபந்தனையும் மூல ஆசிரியரின் பெயரைக் காட்டி உங்கள் சரக்கை விளம்பரப்படுத்த விடுவதில்லை. எம்ஐடி உரிமத்தில் பெயர் பற்றிப் பேச்சே இல்லை. பேச்சு இல்லாததை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"ஃப்ரீயா கொடுத்துட்டு பேருக்கு மட்டும் சண்டையா?" என்று கேட்டார். சந்தூர் நர்சரிகளை நினைத்துப் பாருங்கள் என்றேன். ஒரு நர்சரியில் வாங்கிய மல்கோவா ஒட்டுச்செடியிலிருந்து நீங்கள் ஒட்டுக் கட்டி விற்கலாம். அந்த நர்சரியின் சீட்டை உங்கள் செடியில் கட்டி விற்றால்? செடி பட்டுப்போனால் விவசாயி போய்ச் சண்டை போடுவது அந்த நர்சரிக்காரரிடம். மென்பொருளிலும் அதுதான் நடக்கிறது. இவர் மாற்றிய கமிஷன் கணக்கில் பிழை வந்தால், கெட்ட பெயர் அதை எழுதாத ஆட்களுக்கு.

பெரிய திட்டங்களே இதில் பெயர் மாற்றியிருக்கின்றன. லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை வெளியிடும் டெபியன் குழு, மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் தங்கள் மாற்றங்களைச் செய்து, லோகோ இல்லாமல் வெளியிட நினைத்தது. எங்கள் பெயர் வேண்டுமென்றால் எங்கள் நிபந்தனைப்படி என்றது மொசில்லா. 2006-இல் டெபியன் அதை 'ஐஸ்வீசல்' என்று மாற்றி, 2016-இல்தான் பழைய பெயருக்குத் திரும்பியது. ஓப்பன் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளை விட்டு 2010-இல் பிரிந்தவர்களுக்கு நிரல் கிடைத்தது, பெயர் ஆரக்கிள் நிறுவனத்திடமே நின்றது. லிப்ரே ஆபீஸ் பிறந்தது அப்படித்தான்.

நம் பக்கம் வெப்சைட் செய்து தருபவர்கள் கவனிக்க வேண்டியது வெப்சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ். அந்தப் பெயரை டொமைனில் வைக்க வேர்ட்பிரஸ் அறக்கட்டளை அனுமதிப்பதில்லை. தர்மபுரியில் டிடிபி சென்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வரும் தமிழ் எழுத்துரு சிலவற்றில் 'ஒதுக்கப்பட்ட பெயர்' என்று ஒன்று குறித்திருக்கும். எழுத்தைத் திருத்தினால் அந்தப் பெயரில் வெளியிட முடியாது.

அதற்காகப் பெயரை உச்சரிக்கவே பயப்பட வேண்டாம். 'இன்ன மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது', 'இன்னதோடு சேர்ந்து இயங்கும்' என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம். பொருளின் தன்மையை, பயன்பாட்டைக் குறிக்க நேர்மையாக ஒரு பெயரைச் சொல்ல 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 30-வது பிரிவு இடம் தருகிறது. உங்கள் பெயர் பெரிதாக, அவர்கள் பெயர் விளக்கத்தில் சிறிதாக இருந்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. லோகோவைத் தொடாதீர்கள். பெரும்பாலான பெரிய திட்டங்கள் டிரேட்மார்க் கொள்கை என்று தனியாக ஒரு பக்கம் வைத்திருக்கின்றன. டொமைன் வாங்கும் முன் அதைப் படியுங்கள். சந்தேகமா, மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். நான் பார்த்தவரை நல்லபடியாகவே பதில் சொல்கிறார்கள்.

தம்பி எதிர்த்து நிற்கவில்லை. 30 நாள் அவகாசம் கேட்டோம், கொடுத்தார்கள். டொமைனை ஒப்படைத்து, பெயரையும் லோகோவையும் மாற்றினார். நிரலில் ஒரு வரிகூட நீக்க வேண்டியிருக்கவில்லை. மண்டிக்காரர்கள் சிலர் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் அவருக்கு போன் செய்கிறார்கள். புதிய பெயருக்கு டிரேட்மார்க் கேட்டு, மென்பொருள் வரும் 9-வது வகுப்பில் விண்ணப்பம் போட்டிருக்கிறோம். தனிநபருக்கான ஆன்லைன் கட்டணம் 4,500 ரூபாய்.