எஞ்சின் ஒரு வீடு, கியர்பாக்ஸ் ஒரு வீடு: நடுவில் கிளட்ச்

ஒரு வண்டியில் வேறொரு வண்டியின் எஞ்சினை ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் மவுண்ட், வயரிங், ரேடியேட்டர் என்றுதான் கவலைப்படுகிறார்கள். என் கண் முதலில் போவது எஞ்சினும் கியர்பாக்ஸும் சந்திக்கும் அந்த ஒரு சாண் இடத்துக்கு. அங்கே தப்பு நடந்தால் வெளியே தெரியாது. தெரியவரும்போது கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டியிருக்கும்.

எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் பிளைவீல் என்ற கனத்த சக்கரம். அதன்மேல் முடுக்கிய பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட். பிரஷர் பிளேட்டில் உள்ள தட்டு வடிவ டயஃப்ரம் ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் மூன்றும் ஒன்றாகச் சுற்றுகின்றன. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் அந்த ஸ்பிரிங்கின் விரல்களைத் தள்ளும், பிடி விட்டுப்போகும்.

எஞ்சினை மாற்றும்போது வரும் சிக்கலுக்கு ஆணிவேர் கிளட்ச் பிளேட்தான். அதற்குப் பிறந்த வீடும் உண்டு, புகுந்த வீடும் உண்டு. நடுவிலுள்ள ஸ்ப்ளைன் பற்கள் (நீளவாக்கில் வெட்டிய பற்கள்), எஞ்சின் சுழற்சியை வாங்கும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டுக்குப் பொருந்த வேண்டும். வெளி விட்டமும் உராயும் முகமும் எஞ்சின் பக்கத்து பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் பொருந்த வேண்டும். பல்லை எண்ணினால் மட்டும் போதாது. ஃபோர்டிலும் ஜெனரல் மோட்டார்ஸிலும் 10 பல் ஷாஃப்ட் உண்டு. ஆனால் ஒன்றின் விட்டம் சுமார் 27 மி.மீ., மற்றதில் 28.6 மி.மீ.

அப்புறம், தாங்குமா என்ற கேள்வி. கிளட்ச் தாங்கும் முறுக்கு விசை என்பது உராய்வுக் கெழு, அழுத்தும் விசை, சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை நான்கையும் பெருக்கி வருவது. கெழு 0.3, விசை 5,000 நியூட்டன், ஆரம் 0.1 மீட்டர், முகங்கள் 2 என்றால் 300 நியூட்டன் மீட்டர். புது எஞ்சின் 350 கொடுத்தால் இந்த கிளட்ச் வழுக்கும், கருகும். விசையைக் கூட்டினால் பெடல் கனமாகும். அதனால் இடம் இருந்தால் ஆரத்தைக் கூட்டுவதே நல்லது என்பேன்.

எஞ்சினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் (கிளட்சை மூடும் கியர்பாக்ஸின் முன்கூடு) துளைகள் ஒத்துவராதபோது நடுவில் அடாப்டர் பிளேட் வைப்பார்கள். அதன் கனம் எவ்வளவோ அவ்வளவு தூரம் கியர்பாக்ஸ் பின்னே போகும். இன்புட் ஷாஃப்ட்டின் நுனி கிராங்க்கில் உள்ள பைலட் பேரிங்கில் அமர வேண்டும். பின்னே போனதால் எட்டாமல் போகலாம். எட்டாத ஷாஃப்ட் ஒரு முனையில் தாங்கலின்றி ஆடும்.

இனி நடுக்கோடு. கிராங்க்கின் மையமும் இன்புட் ஷாஃப்ட்டின் மையமும் ஒரே நேர்கோட்டில் இருந்தாக வேண்டும். கண்ணால் பார்த்தால் தெரியாது. பிளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, அதன் தொடுமுனை பெல் ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பைத் தொடும்படி வைத்து, கிராங்க்கைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். முள் 0.72 மி.மீ. அலைந்தால் மையம் விலகியிருப்பது அதில் பாதி, 0.36 மி.மீ. பொதுவாக 0.13 மி.மீ. அலைவு வரை ஏற்கிறார்கள். அதற்குமேல் போனால், 0.18, 0.36, 0.53 மி.மீ. விலகலோடு கடைந்த டோவல் பின்கள் (பெல் ஹவுசிங்கை எஞ்சினில் இடம் மாறாமல் நிறுத்தும் ஊசிகள்) கிடைக்கின்றன. அவற்றைத் திருப்பி வைத்து மையத்தைக் கொண்டுவரலாம். அரை நாள் வேலை. செய்யாமல் விட்டால் கியர் விழ அடம்பிடிக்கும், இன்புட் ஷாஃப்ட் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

கியர்பாக்ஸை ஏற்றும்போது கடைசி ஒரு விரல்கடை இடைவெளியில் நின்றுவிடும். பலர் அந்த இடத்தில் போல்ட்டை முடுக்கி இழுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கிளட்ச் பிளேட் மையத்தில் இல்லை, அல்லது பற்கள் நேர் சேரவில்லை என்று அர்த்தம். எடையை ஜாக்கில் தாங்கிக்கொண்டு, கியரில் போட்டு, கியர்பாக்ஸின் பின்முனை ஷாஃப்ட்டைச் சற்றுச் சுற்றினால் தானாக உள்ளே போகும். போகவில்லை என்றால் இறக்கிப் பாருங்கள்.

ரிலீஸ் பேரிங்குக்கும் ஸ்பிரிங் விரல்களுக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுவது? கிளட்ச் பிளேட் தேயத் தேய விரல்கள் பேரிங்கை நோக்கி நகர்கின்றன, விலகிப் போவதில்லை. இடமே இல்லாவிட்டால், கிளட்ச் தேய்ந்ததும் பேரிங் விரல்களை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், கிளட்ச் வழுக்கும். அதனால்தான் அளந்து ஷிம் என்ற மெல்லிய தகடு வைக்கிறோம்.

எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச்சில், பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கும் ஒரு கணக்கு உண்டு. அதன் விட்டம் 19 மி.மீ., பிஸ்டன் நகர்வது 30 மி.மீ. என்றால், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் 22 மி.மீ. ஸ்லேவ் பிஸ்டன் சுமார் 22 மி.மீ. நகரும். மாஸ்டர் 16 ஆனால் நகர்வும் 16 ஆகக் குறையும். பெடல் இலகுவாக இருக்கும். கிளட்ச் முழுதாக விடுபடாது.

எல்லாம் பூட்டிய பிறகு, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை மாட்டுவதற்கு முன்பே ஒரு சோதனை. கியரில் போட்டு, ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் கியர்பாக்ஸின் பின்முனையைக் கையால் சுற்ற வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் சரி. பெடலை விட்டதும் கை அப்படியே நிற்க வேண்டும்.