நத்தைக்குப் போட்ட உப்பு நாற்றுக்கும் ஆகாது

கிழக்குப் பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் முதல் மழை விழுந்ததும் வீட்டுத் தோட்டங்களில் கத்தரி, மிளகாய் நாற்று நடுவார்கள். மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால் பாதி நாற்றுக்கு இலையே இருக்காது. மண்மேல் பளபளவென்று காய்ந்த சளிக்கோடு கிடக்கும். ஆப்பிரிக்க ராட்சத நத்தையின் வேலைதான். 1847இல் மொரிஷியஸிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்த இனம், 1950களிலேயே பாலக்காட்டையும் எட்டிவிட்டது.

கோடையில் கண்ணில் படாததால் ஒழிந்தது என்று நினைத்துவிடுகிறோம். அது ஓட்டுக்குள் உடலை இழுத்து, ஓட்டின் வாயைச் சளிப்படலத்தால் அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் உறங்குகிறது. நத்தையின் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. ஊர்வதற்குச் சுரக்கும் சளியிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். அதனால்தான் ஈரமான இரவில் மட்டும் நடமாட்டம். சுண்ணாம்புச் சுவரில் வரிவரியாகச் சுரண்டிய தடம் இருந்தால், ஓடு வளர்க்கக் கால்சியம் தேடி ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, நத்தையைக் கொல்லப் பாத்தியில் தூவும் உப்புக்கு வருவோம். உப்பு பட்டதும் நத்தை நுரைதள்ளிச் சுருங்கும். வெளியே உப்பின் அடர்த்தி கூடும்போது உடம்பிலுள்ள தண்ணீர் தோல் வழியாக வெளியே இழுபடுகிறது. நாற்றின் வேருக்கும் இதே விதிதான். மண்ணில் உப்பு ஏறினால், ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாமல் இலை வாடும். நத்தை ஒரே நாளில் செத்துப்போகும். உப்பு மண்ணிலேயே தங்கும். மழை குறைவான இந்தக் கிழக்குப் பாலக்காட்டில் அது கரைந்துபோக வெகுநாள் ஆகும். பாத்தியில் உப்பு தூவுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கடையில் விற்கும் மெட்டால்டிஹைடு என்ற நத்தை விஷக் குருணையும் வேண்டாம். நாய் தின்றால் வலிப்பு வந்து செத்தும்போகலாம்.

நத்தைக்கு வேண்டியது ஈரம். அதை வைத்தே மடக்கலாம். சாயங்காலம் தண்ணீர் பாய்ச்சாமல் காலையில் பாய்ச்சினால் இரவுக்குள் மேல்மண் காய்ந்துவிடும். அப்புறம் தோட்டத்து ஓரத்தில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ போட்டு, நனைத்த கோணிச் சாக்கை மேலே விரித்து வையுங்கள். வெயில் ஏறுவதற்குள் நத்தைகள் அதனடியில் ஒதுங்கும். பொறுக்கி, கெட்டியான உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். வாளியை மூடி வைத்து, அதே தண்ணீரை மறுநாளும் பயன்படுத்தலாம். செத்ததைக் கிணற்றிலிருந்து தள்ளியிருக்கும் இடத்தில் குழிதோண்டிப் புதையுங்கள்.

வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். இந்த நத்தை சுமக்கும் எலி நுரையீரல் புழு மனிதர்களுக்கு மூளை உறைக் காய்ச்சலை உண்டாக்கக்கூடியது. கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகளை இந்த வேலைக்கு அனுப்பவே கூடாது.

ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணும் ஆனது. ஒருமுறை கூடினால் விந்தணுவைப் பல மாதம் சேமித்து, ஒரே தடவையில் 100 முட்டைக்கு மேல் இடும். மண்ணைக் கிளறும்போது வெளிர்மஞ்சள் மணிகள் கொத்தாகக் கிடைத்தால் அவற்றையும் வாளியில் போடுங்கள். உதிர்ந்த சருகை மேயும் நம்மூர்ச் சின்ன நத்தைகளை மட்டும் விட்டுவிடுங்கள். கூம்பாக நீண்டு, பழுப்புப் பட்டைகளோடு விரல் நீளத்துக்கு இருக்கும் ஓடுதான் நாம் தேடுவது.